திங்கட்கிழமையிலிருந்து புதிதாக: வீட்டிலிருந்து ஆன்லைன் தொழில் செய்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொஞ்ச நாளாக, வீட்டிலிருந்தபடி ஆன்லைனில் ஏதாவது விற்கத் தொடங்கியிருக்கும் ஆறேழு பேரோடு வாரம் ஒரு முறை பேசிக்கொண்டிருக்கிறேன். ஒருவர் டிஜிட்டல் ஓவியம் விற்கிறார், ஒருவர் வீடியோ வகுப்பு நடத்துகிறார், இன்னொருவர் நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுக்கிறார். தொழில் வேறு வேறு என்றாலும் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்றாகவே இருக்கிறது. போன வாரம் அவர்களில் ஒருவர், "இந்த வாரம் சரியாகப் போகவில்லை, எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திங்கட்கிழமை புதிதாகத் தொடங்கப் போகிறேன்" என்றார். எனக்குப் பகீரென்றது. எட்டு வருடத்துக்கு முன்னால் இதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன், அதுவும் திரும்பத் திரும்ப.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். போனை வேறு அறையில் வையுங்கள், சீக்கிரம் எழுந்திருங்கள், படுக்கையில் லேப்டாப்பை விரிக்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் நான் போகவில்லை. ஓரளவு ஒழுங்காக உழைக்கிறவர்களே செய்கிற, வெளியிலிருந்து பார்த்தால் தவறாகவே தெரியாத சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஒரு நாள் தவறியதற்காக மொத்தத்தையும் கலைப்பது

முதலில் என் கதை. நான் அப்போது ஆசிரியர்களுக்கான எக்செல் டெம்ப்ளேட்டுகள் விற்றுக்கொண்டிருந்தேன். வருகைப் பதிவு, மதிப்பெண் கணக்கு, பாடத் திட்டம் என்று சின்னச் சின்னத் தாள்கள். தொடங்கி நான்கு மாதத்தில் 140 பேர் மின்னஞ்சல் முகவரி கொடுத்துச் சேர்ந்திருந்தார்கள். பெரிய எண்ணிக்கை இல்லைதான், ஆனால் அத்தனை பேரும் தேடி வந்தவர்கள். செவ்வாய்தோறும் அவர்களுக்கு ஒரு மடல் போகும், அதில் ஒரு சின்ன உத்தி, கீழே ஒரு தாளுக்கான இணைப்பு. இது ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனதில் இரண்டு செவ்வாய் தவறியது. மூன்றாவது செவ்வாய் உட்கார்ந்தபோது என்னால் எழுத முடியவில்லை. நேரம் இருந்தது, விஷயமும் இருந்தது. தடுத்தது கூச்சம்தான். இரண்டு வாரம் காணாமல் போனவன் என்ன முகத்தோடு போய் நிற்பது என்ற கூச்சம். இரண்டே வரியில் "மன்னிக்கவும், வீட்டில் உடல்நலக் குறைவு" என்று எழுதி, வழக்கமான மடலை அனுப்பியிருந்தால் முடிந்திருக்கும். அதைச் செய்யாமல், இந்தப் பெயரே சரியில்லை, இந்த வடிவமே சரியில்லை, அட்டவணை போட்ட ஆப்பே சரியில்லை என்று அடுத்த ஒரு மணி நேரத்தில் எனக்கு நானே நிரூபித்துக்கொண்டேன். அந்த வாரமே புதுப் பெயர், புது டொமைன், புது வண்ணம், புது அட்டவணை. பதினான்கு மாதத்தில் இப்படி மூன்று முறை செய்தேன்.

ஒவ்வொரு முறையும் முதல் பத்து நாள் அபாரமாகப் போகும் என்பதுதான் இதில் ஏமாற்றுகிற விஷயம். இதற்கு ஆய்வுச் சான்றே உண்டு. வாரம், மாதம், வருடம் என்று ஏதாவது ஒன்று புதிதாகத் தொடங்கும் சமயத்தில் மக்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்கு அதிகம் போகிறார்கள், இலக்குகளில் அதிகம் உறுதி எடுக்கிறார்கள் என்று ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மேன், ஜேசன் ரீஸ் மூவரும் 2014-இல் காட்டினார்கள். இந்தப் பாதியைப் பலரும் பிடித்துக்கொள்கிறார்கள். மறுபாதி அவ்வளவாக யார் காதுக்கும் போவதில்லை. அதே டாய் பின்னர் அமெரிக்க பேஸ்பால் வீரர்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார். பருவத்தின் நடுவில் ஒரு லீக்கிலிருந்து இன்னொரு லீக்குக்கு மாறுகிறவரின் அந்தப் பருவக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதுவரை மோசமாக ஆடியவர்களுக்கு இந்தப் பூஜ்யம் உதவியது, நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர்களின் ஆட்டமோ அதன்பின் இறங்கியது. நான்கு மாதம் ஒழுங்காகச் செய்துவிட்டு இரண்டு வாரம் தவறியவர் இதில் எந்த வகை? நன்றாக ஆடிக்கொண்டிருந்த வகை. அவர் கலைத்துப் போடுவது தவறிய இரண்டு வாரத்தை மட்டும் இல்லையே, அந்த நான்கு மாதத்தையும் சேர்த்துத்தானே.

சரி, இதில் எனக்கு ஆன செலவைச் சொல்கிறேன். பழைய டொமைனை அப்படியே விட்டுவிட்டேன். பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதிய முகவரிக்குத் தானாகத் திருப்பிவிடும் 301 ரீடைரக்ட் என்ற ஏற்பாடு உண்டு. அதைப் போட்டிருந்தால் தேடுபொறியும் பழைய பக்கத்தின் மதிப்பைப் புதிய பக்கத்துக்குக் கொண்டு போயிருக்கும். போடவில்லை. என் தாள்களைத் தங்கள் பக்கங்களில் பரிந்துரைத்து இணைப்புக் கொடுத்திருந்த ஆசிரியர்களின் இணைப்புகள் எல்லாம் செத்துப்போயின. ஏழு மாதம் கழித்துப் புதுப் பெயரில் அந்த 140 பேருக்கும் மடல் அனுப்பினேன். யார் அனுப்புகிறார்கள் என்றே அவர்களுக்குப் புரியவில்லை, பலர் ஸ்பேம் என்று அழுத்திவிட்டார்கள். நூறு பேரில் மூன்று பேர் ஸ்பேம் என்றால் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஜிமெயிலுக்கு மொத்தமாக மடல் அனுப்புகிறவர்களுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் வைத்திருக்கும் வரம்பு 0.3 சதவீதம், அதாவது ஆயிரத்துக்கு மூன்று. சின்னப் பட்டியல்காரர்களுக்கு அந்த விதி நேரடியாகப் பொருந்தாவிட்டாலும், எந்த அளவில் நம் பெயர் கெடத் தொடங்குகிறது என்பதை அதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

இதையெல்லாம்கூட மறந்துவிடுவேன், ஒரு மடலைத்தான் மறக்க முடியவில்லை. பழைய பெயரோடு சேர்த்துக் கைவிட்ட இன்பாக்ஸை ஒரு நாள் கடவுச்சொல் தேடித் திறந்தபோது ஐந்து மாதப் பழைய மடல் ஒன்று கிடந்தது. ஒரு ஆசிரியை எழுதியிருந்தார். அரை நாள் வந்த மாணவருக்கும் என் வருகைத் தாள் முழு நாள் கணக்குப் போட்டுவிடுகிறது, 38 பேருக்கும் கையால் திருத்தினேன், சரிசெய்த தாள் கிடைக்குமா, எங்கள் பள்ளியில் இன்னும் நான்கு பேர் வாங்கக் கேட்கிறார்கள் என்று. தாளைத் திறந்து பார்த்தேன். காலியாக இல்லாத கட்டம் ஒவ்வொன்றையும் ஒன்று என்று எண்ணும் ஃபார்முலாவை அந்த வரிசையில் போட்டு வைத்திருந்தேன். முழு நாளைத் தனியாகவும் அரை நாளைத் தனியாகவும் எண்ணி, அரை நாளை 0.5-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். பத்து நிமிட வேலை. அந்த மடல் வந்த நாளில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று தேதியை வைத்துத் தேடிப் பார்த்தேன். மூன்றாவது லோகோவுக்கு எழுத்துரு தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவருக்குச் சரிசெய்த தாளை அனுப்பினேன். பதில் வரவில்லை. வராததில் அவர் தவறு எதுவும் இல்லை.

இதை யாராவது அப்போதே சொல்லியிருக்கலாம் என்று இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது, ஏனென்றால் பழக்கம் எப்படி உருவாகிறது என்பது தெரியாத விஷயம் ஒன்றுமில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்தார்கள். தினமும் ஒரு குறிப்பிட்ட சமயத்தில் ஒரு சின்ன வேலையைச் செய்யச் சொல்லி, அது எப்போது தானாக நடக்கத் தொடங்குகிறது என்று பார்த்தார்கள். நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசப்பட்டது (பன்னிரண்டு வாரத்தைத் தாண்டுகிற எண்கள், பதிவான போக்கை வைத்துக் கணித்தவை). 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்ற பேச்சை நம்பி, 22-ஆம் நாள் வரவில்லையே என்று கலைக்கிறவர்கள் இந்த 254-ஐக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அதே ஆய்வில் வந்த இன்னொரு முடிவு: இடையில் ஒரு நாள் தவறுவது பழக்கம் உருவாவதைச் சொல்லும்படியாகப் பாதிக்கவில்லை. கெடுத்தது என்னைப் பொறுத்தவரை தவறிய செவ்வாய் இல்லை, அதற்கு மறுநாள் நான் செய்த காரியம்.

இப்போது நான் வைத்திருக்கும் முறை எளிமையானது. தவறிய நாளின் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடுவேன். அதை அடித்துத் திருத்துவதும் இல்லை, மறுநாள் இரண்டு நாள் வேலையைச் சேர்த்துச் செய்வதும் இல்லை. (சேர்த்துச் செய்யப் போனால் மறுநாளும் தவறும், இது பலமுறை பட்டுத் தெரிந்துகொண்டது.) பெயர், டொமைன், அட்டவணை, ஆப் இவற்றில் எதை மாற்றுவதாக இருந்தாலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை குறித்துவைத்த தேதியில் மட்டும்தான் யோசிப்பேன். நடுவில் ஆசை வந்தால் ஒரு தாளில் எழுதி வைப்பேன். அந்தத் தேதி வரும்போது பெரும்பாலானவற்றுக்குக் காரணமே இருக்காது. பத்துக்கு ஒன்று தேறும், அதை மாற்றுவேன்.

அப்புறம் உங்களை நீங்கள் திட்டிக்கொள்வதையும் கொஞ்சம் நிறுத்துங்கள். முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்ட கல்லூரி மாணவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள் என்று 2010-இல் ஒரு கனடா ஆய்வு சொன்னது. எனக்கு அந்த மூன்றாவது செவ்வாயில் குறைவாக இருந்தது இதுதான்.

ஆயத்தத்தையே வேலை என்று எண்ணுவது

மேலே சொன்னதற்குத் தம்பி இது. காலை முதல் மாலை வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டீர்கள், உண்மையிலேயே களைத்துப் போவீர்கள், ஆனால் அன்று நீங்கள் செய்த எதுவும் உங்களைத் தவிர வேறு யார் கண்ணுக்கும் போயிருக்காது. இன்னொரு பயிற்சி வீடியோ பார்த்தது, பக்கத்தின் மேல்பகுதியை மூன்றாவது முறையாக மாற்றியது, போட்டியாளர்களின் விலையை அட்டவணை போட்டது. இவற்றைத் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் வெளியே ஒருவருக்கு ஒன்றை அனுப்புவதில்தான் "வேண்டாம்" என்று கேட்க நேரிடும் பயம் இருக்கிறது, ஆயத்தத்தில் அது இல்லை, ஆகவே மனம் அங்கேயே தங்கிவிடுகிறது. நாளின் முதல் வேலையாக வெளியே போகிற ஒன்றைச் செய்யுங்கள். ஒரு வாடிக்கையாளருக்குப் பதில், ஒரு விலைக் குறிப்பு, ஒரு மடல், எதுவானாலும் சரி. மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

மனநிலை வரட்டும் என்று காத்திருப்பது

வராது. தொடங்கிப் பத்து நிமிடம் ஆனால் சில நாள் வரும்.

கெடுவை உங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்வது

அலுவலகத்தில் ஒழுங்காக இருந்தவர், வீட்டுக்கு வந்ததும் ஏன் தடுமாறுகிறார்? ஆள் மாறிவிடவில்லை, கேட்பதற்கு ஆள் இல்லாமல் போய்விட்டது. டான் ஏரியலியும் கிளாஸ் வெர்டன்பிராக்கும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பிழை திருத்தும் வேலையை மூன்று குழுக்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்குச் சம இடைவெளியில் கெடு வைத்தார்கள், ஒரு குழு தானே கெடு வைத்துக்கொண்டது, ஒரு குழுவுக்குக் கடைசியில் ஒரே கெடு. வெளியிலிருந்து கெடு வைக்கப்பட்டவர்கள்தான் அதிகப் பிழைகளைக் கண்டுபிடித்தார்கள். தாங்களே வைத்துக்கொண்டவர்கள் நடுவில் நின்றார்கள், கடைசிக் கெடு மட்டும் இருந்தவர்கள் கடைசி.

ஆகவே கெடுவை இன்னொருவர் கையில் கொடுங்கள். சும்மா "நான் இதைச் செய்யப் போகிறேன்" என்று ஊருக்கு அறிவிப்பது வேறு, அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாங்குகிறவரிடம் தேதி சொல்லுங்கள். "வெள்ளிக்கிழமை முதல் வடிவம் அனுப்புகிறேன்" என்று எழுதிவிட்டால், வியாழன் இரவு உங்கள் மனநிலையை யாரும் கேட்கப்போவதில்லை. வாடிக்கையாளரே இன்னும் இல்லையென்றால், உங்களைப் போலவே தொடங்கியிருக்கும் ஒருவரோடு வாரம் ஒரு முறை பதினைந்து நிமிடம் பேசுங்கள், என்ன செய்தோம் என்று சொல்லாமல், செய்ததைத் திறந்து காட்டுங்கள்.

விற்பனை எண்ணிக்கையை மணிக்கொரு தரம் பார்ப்பது

ஒரு நாளுக்கு ஒரு முறை, மாலையில்.

வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லாமலே அவர்கள் மேல் கோபப்படுவது

"நான் வேலை செய்வதை யாரும் மதிப்பதில்லை" என்று அடிக்கடி கேட்கிறேன். கதவு திறந்திருக்கிறது, லேப்டாப்பில் ஏதோ ஓடுகிறது, நீங்கள் சும்மா இருக்கிறீர்களா, வேலையில் இருக்கிறீர்களா என்று வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? நேரத்தைச் சொல்லுங்கள், அதுவும் குறைவாகச் சொல்லுங்கள். "பகல் முழுக்க என்னைக் கூப்பிடாதீர்கள்" என்பதை எந்த வீடும் காப்பாற்றாது. "பத்திலிருந்து பன்னிரண்டரை வரை" என்பதைக் காப்பாற்றுவார்கள், நீங்கள் பன்னிரண்டரைக்குச் சரியாக எழுந்து வந்தால். ஒரு மணி வரை இழுத்தீர்களானால், மறுநாள் அவர்களும் பத்தரைக்குக் கதவைத் தட்டுவார்கள்.

முடிக்கும் நேரம் இல்லாமல் இருப்பது

தொடங்கும் நேரத்துக்கு அலாரம் வைக்கிறவர்கள் முடிக்கும் நேரத்துக்கு வைப்பதில்லை. இரவு பதினொன்று வரை செய்யலாம் என்று தெரிந்தால் மதியம் இரண்டு மணி வேலை தானாக இரவு பத்துக்கு நகரும். நான் ஆறரைக்கு மூடிவிடுகிறேன். மூடுவதற்கு முன்னால் ஒரு துண்டுத் தாளில் நாளை காலையின் முதல் வேலையை எழுதி விசைப்பலகை மேல் வைப்பேன். "டெம்ப்ளேட் வேலை" என்று எழுதினால் காலையில் எங்கே தொடங்குவது என்றே தெரியாது. நேற்று எழுதியது இப்படி இருந்தது: "மதிப்பெண் தாள், இரண்டாம் பக்கம், சராசரி வரிசையில் விடுப்பு எடுத்தவர்களை நீக்கு. சரிபார்த்ததும் கேட்ட மூன்று பேருக்கும் அனுப்பு."