அமெரிக்க ஃபெடரல் வழக்கில் தண்டனை எத்தனை மாதம் வரும்? வீட்டிலேயே கணக்கு போட்டுப் பார்ப்பது எப்படி

அமெரிக்காவில் நம்மவர் ஒருவர் ஃபெடரல் வழக்கில், அதாவது மாநிலம் அல்லாமல் மத்திய அரசு போடும் வழக்கில், மாட்டிக்கொண்டால் குடும்பம் முதலில் கூகுளில் தேடுவது அதிகபட்சத் தண்டனை எவ்வளவு என்பதைத்தான். வயர் ஃபிராடு (போன், இணையம் போன்றவற்றின் வழியாகச் செய்யும் மோசடி) என்று தேடினால் 20 வருடம் என்று வரும், அதோடு அன்றைக்குத் தூக்கம் போய்விடும். அந்த 20 சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு மட்டும்தான். நீதிபதி தொடங்கும் கணக்கு வேறு, அதை ஒரு தாளில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். கட்டாயம் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் தண்டனை அறிவிக்கும் நாளுக்கு முன்பே பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது.

முதலில் சரியான வருடத்துப் புத்தகம் வேண்டும். அமெரிக்கத் தண்டனை ஆணையம் வெளியிடும் கைட்லைன்ஸ் மேனுவல், அதாவது தண்டனைக் கணக்குக்கான வழிகாட்டிப் புத்தகம், அவர்கள் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது, திருத்தங்கள் வழக்கமாக நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வரும். தண்டனை விதிக்கும் நாளில் எது நடப்பில் இருக்கிறதோ அதுதான் பொருந்தும். ஆனால் குற்றம் நடந்த பிறகு விதி கடுமையாகியிருந்தால் பழைய பதிப்பைத்தான் எடுக்க வேண்டும், 2013-இல் பியூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான். இன்னொன்று, 2005-இல் புக்கர் வழக்குக்குப் பிறகு இந்தக் கணக்கு நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் எந்த நீதிபதியும் இதைப் போடாமல் தண்டனை சொல்வதில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். மேனுவலின் கடைசிப் பக்கங்களில் ஒரு அட்டவணை இருக்கும். மேலிருந்து கீழாகக் குற்றத்தின் நிலை 1 முதல் 43 வரை, குறுக்கே பழைய வழக்குகளுக்கு ஏற்ப ஆறு பிரிவுகள், இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் மாதங்கள். உதாரணத்துக்கு 3 லட்சம் டாலர் வயர் ஃபிராடு, முன்பு எந்த வழக்கும் இல்லாதவர் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படை நிலை 7. 2025 நவம்பர் பதிப்பில் இழப்பு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் 12 கூடும், ஆக 19. குற்றத்தை ஒப்புக்கொண்டு பொறுப்பேற்றால் 3 குறையும், 16. அட்டவணையில் அது 21 முதல் 27 மாதம்.

இங்கேதான் 2023 நவம்பரில் வந்த மாற்றம் உதவுகிறது. குற்றப் பின்னணிப் புள்ளி (பழைய தண்டனைகளுக்காகப் போடும் புள்ளி) ஒன்றுகூட இல்லாதவருக்கு, வன்முறை, துப்பாக்கி, பாலியல் குற்றம் போன்றவை இல்லையென்றால், பாதிக்கப்பட்டவர்களைப் பெரிய பண நெருக்கடியில் தள்ளவும் இல்லையென்றால், இன்னும் 2 நிலை குறையும். 14 ஆகிவிடும், அதாவது 15 முதல் 21 மாதம். இந்தியாவிலோ இலங்கையிலோ பெற்ற தண்டனைக்குப் புள்ளி கிடையாது என்பதையும் கவனியுங்கள். இந்தச் சலுகை முன்பே தண்டனை பெற்றவர்களுக்கும் பொருந்தும் என்று ஆணையம் முடிவு செய்தது, அதனால் 2023-க்கு முன் உள்ளே போனவர் யாராவது இருந்தால் மனு போட்டாயிற்றா என்று கேளுங்கள்.

இழப்புத் தொகையில்தான் சண்டை நடக்கும். உண்மையில் போன பணம், ஏமாற்ற நினைத்த பணம், இரண்டில் எது பெரியதோ அதை எடுக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் விதியின் வாசகத்திலேயே சேர்த்துவிட்டார்கள். மேலே சொன்ன அதே ஆள் 6 லட்சத்துக்குத் திட்டமிட்டார் என்று அரசுத் தரப்பு நிரூபித்துவிட்டால் மறுபடி 21 முதல் 27 மாதத்துக்குப் போய்விடும். அதனால் வங்கிக் கணக்கு அறிக்கை, திருப்பிக் கொடுத்த பணத்துக்கான ரசீது, எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே திரட்டுங்கள்.

அதே 2024 திருத்தத்தில் இன்னொரு நல்ல விஷயமும் வந்தது. ஃபெடரல் கோர்ட்டில் ஜூரி விடுதலை செய்த குற்றச்சாட்டை இந்தக் கணக்கில் ஏற்றக் கூடாது, தண்டிக்கப்பட்ட குற்றத்துக்கும் அதே செயல்தான் அடிப்படை என்றால் தவிர. இவ்வளவு காலம் அதை அனுமதித்தது எனக்குப் பெரிய அநியாயமாகவே தோன்றுகிறது. ஆனால் ஏமாந்துவிடாதீர்கள், வழக்கே போடாத செயல்களும், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பேரத்தில் அரசுத் தரப்பு கைவிட்ட குற்றச்சாட்டுகளும் இப்போதும் கணக்கில் ஏறும்.

இதையெல்லாம் எழுதி நீதிபதிக்குக் கொடுப்பவர் நீதிமன்றத்தின் ப்ரொபேஷன் அதிகாரி. பி.எஸ்.ஆர். (தண்டனைக்கு முந்தைய அறிக்கை) என்று எல்லோரும் சொல்லும் அந்த அறிக்கையின் வரைவு, தண்டனை நாளுக்குக் குறைந்தது 35 நாள் முன்பு கைக்கு வர வேண்டும், வந்ததிலிருந்து 14 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தர வேண்டும். அதை வரிவரியாகப் படியுங்கள், தொகை, தேதி, மருந்தின் பெயர் வரை. நம் வீடுகளில் குடிப்பழக்கத்தையும் மனநல சிகிச்சையையும் மானம் போகும் என்று மறைத்துவிடுவார்கள், அதிகாரியின் பேட்டியில் அதெல்லாம் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். பின்னால் ஆர்டேப் என்ற போதை மீட்புத் திட்டத்தில் சேரக் கேட்டால் சிறைத்துறை முதலில் புரட்டிப் பார்ப்பது இந்த அறிக்கையைத்தான். தகுதியுள்ளவர்களுக்கு அந்தத் திட்டம் தண்டனையில் ஒரு வருடம் வரை குறைக்கும், அதனால் இருப்பதை இருக்கிறபடி சொல்லச் சொல்லுங்கள்.

2025 நவம்பர் 1 முதல் வாதிடும் முறையும் மாறிவிட்டது. முன்பு கணக்குக்குப் பிறகு, சிறப்புக் காரணம் காட்டி அட்டவணை மாதங்களிலிருந்து விலகும் 'டிபார்ச்சர்' என்று ஒரு நடுக் கட்டம் இருந்தது, அதைக் கிட்டத்தட்ட முழுவதுமாக எடுத்துவிட்டார்கள், விசாரணைக்கு உதவியவருக்கான சலுகை போன்ற சில மட்டும் மிச்சம். வயதான பெற்றோர், நோய், சிறு குழந்தைகள் எல்லாவற்றையும் இனி ஃபெடரல் தண்டனைச் சட்டத்தின் 3553(அ) பிரிவின் கீழேயே சொல்ல வேண்டும். போதுமான தண்டனை வேண்டும், தேவைக்கு மேல் கூடாது என்று சொல்வது அந்தப் பிரிவுதான். உங்கள் வக்கீலின் மனு பழைய டிபார்ச்சர் விதி எண்களை அடுக்கியிருந்தால் ஏன் என்று கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

உறவினர்களும் நண்பர்களும் எழுதும் கடிதங்களை நீதிபதிக்கு நேரே அனுப்பாதீர்கள், வக்கீல் வழியாகவே போகட்டும். குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு "அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை" என்று அத்தை எழுதினால் அவன் பொறுப்பேற்றதையே அது சந்தேகத்துக்கு உள்ளாக்கும். அவர் யாரை எப்படிப் பார்த்துக்கொண்டார், என்ன வருந்துகிறார், வெளியே வந்தால் எங்கே வேலை என்று நடந்ததை எழுதச் சொல்லுங்கள்.

குறைவான தண்டனை வரும்போல் இருந்தால் '12 மாதமும் ஒரு நாளும்' என்று கேட்கச் சொல்லுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் போனால்தான் வருடத்துக்கு 54 நாள் நன்னடத்தைக் கழிவு கிடைக்கும், அந்த ஒரு நாள் கூடினால் ஏறக்குறைய பத்து மாதத்தில் வெளியே வந்துவிடலாம். 1987 நவம்பர் முதல் நடந்த ஃபெடரல் குற்றங்களுக்குப் பரோல் கிடையாது என்பதால் இந்த நாட்கள்தான் எல்லாம். 2018-இன் ஃபர்ஸ்ட் ஸ்டெப் சட்டப்படி பயிற்சிகளில் பங்கேற்றால் 30 நாளுக்கு 10 அல்லது 15 நாள் கூடுதலாகச் சேரும்.

ஆனால் இறுதி நாடுகடத்தல் உத்தரவு உள்ளவரால் அந்தக் கூடுதல் நாட்களைப் பயன்படுத்த முடியாது. எச்1பி, கிரீன் கார்டில் இருப்பவர்கள் கைதான உடனே குடிவரவு வக்கீலையும் பார்ப்பது இதனால்தான் முக்கியம். மோசடியில் இழப்பு 10,000 டாலரைத் தாண்டிவிட்டால், சிறையே இல்லாமல் தண்டனை வந்தாலும் நாட்டைவிட்டு அனுப்ப அது போதும். ஒப்புதல் ஒப்பந்தத்தில் எந்தத் தொகை எழுதப்படுகிறது என்பதைக் கையெழுத்துக்கு முன் இரண்டு வக்கீல்களும் சேர்ந்து பார்க்கட்டும்.

தண்டனை தப்பாக வந்துவிட்டது என்று பட்டால் மேல்முறையீட்டு நோட்டீஸுக்கு உள்ள நேரம், தீர்ப்பு பதிவான நாளிலிருந்து 14 நாள்தான். ஒப்பந்தத்தில் மேல்முறையீட்டு உரிமையை விட்டுக்கொடுத்திருக்கிறீர்களா என்று அதற்கும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.