குடிநோய் உள்ள வீட்டுப் பிள்ளை: மரபியலைத் தடுப்பு வகுப்பில் பயன்படுத்தும் விதம்

பதின்வயதுப் பிள்ளைகளுக்குக் குடித் தடுப்பு வகுப்பு நடத்துகிறேன். முதல் வருடம், "வீட்டில் யாராவது குடிப்பார்களா?" என்று எல்லோர் முன்னாலும் கை தூக்கச் சொல்லிவிட்டேன். ஒரு பையன் பாதி தூக்கிய கையைத் தலைக்குக் கொண்டுபோய் முடியைக் கோதிக்கொண்டான். அடுத்த வாரம் அவன் வரவில்லை. குடும்ப வரலாற்றைத் தனியாக, கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள். தாத்தா, மாமா, அத்தை வரை கேளுங்கள். செலவில்லாமல் கிடைக்கும் மரபுத் தகவல் அது.

மரபணுப் பரிசோதனை செய்து பிள்ளைகளைப் பிரிக்கலாமா என்றால், வேண்டாம். ஒற்றை மரபணுவை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு மனச்சோர்வு ஆய்வே உதாரணம். மன அழுத்தம் சேர்ந்தால் மனச்சோர்வு தரும் என்று 2003இல் பெரிதாகப் பேசப்பட்ட ஒற்றை மரபணு, லட்சக்கணக்கானோரின் தரவை வைத்து 2019இல் பார்த்தபோது தேறவில்லை.

மரபியல் நமக்கு உதவுவது எதைக் கவனிப்பது என்று காட்டுவதில்தான். இரட்டையர் ஆய்வுகளின்படி, குடிநோய் விஷயத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய 50% மரபுவழி வருவது. அதில் கணிசமான பங்கு சுபாவத்தின் வழியாக இறங்குகிறது. உளவியலாளர் பாட்ரிசியா கொன்ராடின் 'பிரிவென்ச்சர்' என்ற தடுப்புத் திட்டம் அவசரபுத்தி, சாகசத் தேடல், பதற்றத்துக்கு அஞ்சுதல், நம்பிக்கையிழப்பு என்று நான்கு சுபாவங்களைத் தனித்தனிக் குழுக்களாக எடுத்துக்கொள்கிறது. குழுவுக்கு 90 நிமிட அமர்வுகள் இரண்டு.

அவசரபுத்திக் குழுவில் நான் ஒரு சம்பவத்தை எழுதச் சொல்வேன். ஒருவன் "கூப்பிட்டான், போனேன்" என்று இரண்டே சொல் எழுதினான். இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று அரைமணி நேரம் தோண்டினோம். "கூப்பிட்டதும் நெஞ்சு படபடத்தது. வரமாட்டேன் என்றால் சிரிப்பார்கள் என்று தோன்றியது." இடையில் அந்த இரண்டு வரி வந்ததும், அங்கே நிற்க இடமிருக்கிறது என்று அவனுக்கே தெரிந்தது.

பெற்றோரையும் உட்கார வையுங்கள். துடுக்கான பிள்ளை கத்தலை வரவழைக்கிறது, கத்தல் துடுக்கை வளர்க்கிறது. வளர்ப்பவர்களோடு மரபுத் தொடர்பில்லாத, தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளிடமும் ஆய்வாளர்கள் இதைப் பார்த்திருக்கிறார்கள்.

பேச்சில் மிகுந்த கவனம் வேண்டும். 2019இல் வந்த ஓர் ஆய்வில், உடற்பயிற்சித் திறனைக் குறைக்கும் மரபணு இருப்பதாகச் சொல்லப்பட்டவர்களுக்கு, அது உண்மையில் இல்லாதபோதும் திறன் குறைந்தது. ஆகவே "உன் ரத்தத்திலேயே இருக்கு" என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள். அந்த 50% கூட்டத்துக்கான கணக்கு, ஒரு பிள்ளையின் தலையெழுத்து அல்ல. நான் சொல்வது இவ்வளவுதான்: "உங்க குடும்பத்துல இது சுலபமா ஒட்டிக்குதுப்பா. முதல் குடியை எவ்வளவு தள்ளிப்போடுறியோ அவ்வளவு நல்லது. யாராவது கூப்பிட்டா என்ன சொல்லலாம்னு இப்பவே பேசுவோமா?"