இரவு பதினொரு மணிக்கு றேடியோ மைக் முன்னால் இருந்து, போனில் வருகிற நேயர்களோடு கதைக்கப் போகிற தம்பிக்கு

இந்த நேரத்தில் யாழ்ப்பாணத்தில் யார் முழித்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். ஆஸ்பத்திரி நைட் டியூட்டிக்காரர், வோச்சர்மார், குருநகரில் வலை ஏற்றுகிறவர்கள், நித்திரை வராத வயது போனவர்கள். வெளிநாட்டிலிருந்தும் போன் எடுப்பார்கள். இங்கே பதினொன்று என்றால் லண்டனில் கோடையில் பின்னேரம் ஆறரை, ரொறன்ரோவில் மதியம் ஒன்றரை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு எங்களுக்குப் புத்தி சொல்ல வருகிறவர்கள் அவர்கள்தான்.

ஒன்பது வருடம் அந்தக் கதிரையில் இருந்தேன். சீதனம், கோயில் லவுட்ஸ்பீக்கர், கிணற்றடிச் சாதி என்று சண்டை வரக்கூடிய விஷயங்களாகத்தான் எடுத்தேன். சண்டையை மூட்டுவது லேசு, தம்பி. யாருக்குப் பின்னால் யாரைக் கதைக்க விடுகிறீர்கள் என்பதில்தான் தொழிலே இருக்கிறது. போன் எடுக்கிற பிள்ளையிடம் ஊரையும் சொல்லப்போகிற விஷயத்தையும் ஒரு துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். கொதித்துக்கொண்டு வருகிறவரை முதலில் விடாதீர்கள். நொந்தவர் ஒருவரை முதலில் விடுங்கள். அவருக்குப் பிறகு வருகிற கோபக்காரர், கொஞ்சமாவது தொண்டையைச் செருமிக்கொண்டுதான் தொடங்குவார்.

கையில் கடதாசி இல்லாமல் போகாதீர்கள். சீதனம் பற்றிக் கதைத்தால் கட்டாயம் ஒரு ஐயா எடுத்து, “தேசவழமைப்படி அது பொம்பிளையின்ர சொத்துத்தானே தம்பி” என்பார். தேசவழமை என்பது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம். சொத்து அவளுடையதுதான். ஆனால் 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, அந்தக் காணியை அவள் விற்பதற்குப் புருஷனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இதைச் சத்தம் போடாமல் வாசித்துக் காட்டுங்கள். சீதனத்தோடு மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்குகிற டொனேஷன் காசு யாரின் கைக்குப் போனது என்று அடுத்ததாகக் கேளுங்கள். அநேகமாக லைன் கட்டாகிவிடும்.

பெரிய நிலையங்களில், தூஷணம் வந்தால் வெட்டுவதற்கு, குரலைச் சில செக்கன் பிந்தி அனுப்புகிற கருவி இருக்கும். எங்களிடம் இருந்தது என் விரல் மட்டும்தான். கதைக்கிறவர் மூச்சை இழுத்துப் பிடித்தால் அடுத்தது தூஷணம் என்று விரலுக்குத் தெரிந்துவிடும். “றேடியோச் சத்தத்தைக் குறையுங்கோ” என்று ஒவ்வொருவருக்கும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கூ என்று ஊளையிடும்.

பேர் சொல்லாவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அங்கேதான் நான் விழுந்தேன். ஒரு தாய் எடுத்து, சம்பந்தி வீட்டார் மேல்மாடி கட்டித் தரச் சொன்னதைச் சொன்னார். பேர் வரவில்லை. ஆனால் மாப்பிள்ளையின் உத்தியோகம், கோயிலடி ஒழுங்கை, பச்சைக் கேற் எல்லாம் வந்துவிட்டன. நானும் சுவாரசியத்தில் விட்டுவிட்டேன். விடிய ஏழு மணிக்கு அந்த வீட்டுக்காரர் எங்கள் வாசலில் நின்றார். கலியாணம் குழம்பிவிட்டது. இந்த ஊரில் உத்தியோகமும் ஒழுங்கையும் சேர்ந்தால் அடையாள அட்டை மாதிரி. இரண்டில் ஒன்றை அந்த இடத்திலேயே வெட்டுங்கள்.

மதம், இனம் பற்றி யாராவது வெறுப்பைக் கொட்டத் தொடங்கினால் மரியாதை பார்க்காமல் கட் பண்ணுங்கள். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தில் அதற்குப் பத்து வருடம் வரை சிறை.

உங்கள் வீடு, போய்வருகிற பாதை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இவற்றைப் பகிடிக்கும் வானலையில் சொல்லாதீர்கள். பிபிசி தமிழோசைக்குச் செய்தி அனுப்பிய நிமலராஜன், 2000 ஒக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், தன் வீட்டில் வைத்தே கொல்லப்பட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அம்மா சொன்னது அந்தப் பேரைத்தான்.

மைக்கை அணைத்து, பாட்டைப் போட்டபிறகும் போன் அடிக்கும். தேத்தண்ணியை வைத்துவிட்டு எடுங்கள். வானலையில் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு பொம்பிளை அதுவரை காத்துக்கொண்டு இருந்திருப்பாள். ஊரைக் கேட்காதீர்கள்.