மழைக்குப் பிறகு படம் வராத டிஷ்: கேபிளிலும் எர்த்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடைமழை கொட்டும்போது டிடிஎச் படம் சதுரம் சதுரமாக உடைவது பழுதல்ல. டிஷ் வாங்கும் கேயூ அலைவரிசையை மழைத்துளிகள் உறிஞ்சியும் சிதறடித்தும் விடுவதால் அப்படி நேர்கிறது. மழை தணிந்த சில நிமிடங்களில் படம் தானாகவே திரும்பிவிடும். மாறாக, வானம் வெளுத்த பிறகும் படம் வராமல், உச்சி வெயில் காய்ந்த பின்னரே வருகிறது என்றால், இணைப்பிலோ கேபிளிலோ தண்ணீர் இறங்கியிருக்கிறது என்றே சந்தேகிக்க வேண்டும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் மொட்டை மாடிக்கு ஏறி டிஷ்ஷைத் திருப்பிப் பார்ப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. சரியாக நின்ற டிஷ்ஷின் கோணமும் மாறிப்போய், ஒரு பழுது இரண்டாகிவிடுகிறது.

சில சேனல்கள் மட்டும் வராதபோது செட்டாப் பாக்ஸ் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுவதும் அவசர முடிவே. டிஷ்ஷின் முன்னால் நீட்டிய கையில் அலைகளை வாங்கும் சிறு கருவியான எல்என்பிக்கு, பாக்ஸ் அதே கேபிள் வழியாகத்தான் மின்சாரம் அனுப்புகிறது. பொதுவாக 13 வோல்ட் சென்றால் செங்குத்து அலைகளையும், 18 வோல்ட் சென்றால் கிடைமட்ட அலைகளையும் எல்என்பி தேர்ந்தெடுக்கும். அரித்துப்போன இணைப்பில் மின்னழுத்தம் குறைந்தால் 18 வோல்ட்டை நம்பியிருக்கும் சேனல்கள் முதலில் மறையலாம். ஈரத்தோடு இந்த நேர்மின்சாரமும் (டிசி) சேர்வதால், சும்மா நனைந்து கிடக்கும் உலோகத்தைவிட இங்கே அரிப்பு வேகமாக நடக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பாக்ஸை அணைத்துப் பிளக்கையும் எடுத்துவிட்டு, எல்என்பியில் திருகியிருக்கும் எஃப் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் நிலைமை கண்ணுக்கே தெரியும். நடுக்கம்பி கறுத்தோ பச்சைக் களிம்பு பூத்தோ இருக்கும். நடுக்கம்பியைச் சுற்றி உறைபோல இருக்கும் அலுமினியப் பின்னல் வெள்ளைப் பொடியாக உதிரும். வீடுகளில் இழுக்கப்படும் ஆர்ஜி-6 கேபிள்கள் பலவற்றில் நடுக்கம்பி முழுச் செம்பல்ல, செம்பு பூசிய எஃகு. பூச்சு போனதும் உள்ளே துருப்பிடிக்கிறது. நுனியில் ஓர் அங்குலம் வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போடுவது இங்கே அடிக்கடி நடக்கும் அரைகுறை வேலை. பின்னலின் இழைகள் வழியே தண்ணீர் நெடுந்தூரம் ஊர்ந்து செல்லும் என்பதால், பின்னல் பளிச்சென்று தெரியும் இடம்வரை வெட்ட வேண்டும். அதற்குள் கேபிள் போதாமல் போனால் முழுவதையும் மாற்றுவதே நல்லது. நடுவழியில் கம்பிகளை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒட்டு இருந்தால், மற்ற எதையும் ஆராயும் முன் அதை நீக்கிவிடுங்கள். கேபிளின் இரு முனைகளையும் கழற்றி வைத்து மல்டிமீட்டரில் நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையே அளந்தால் எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது; ஏதாவது அளவு காட்டினால் கேபிளுக்குள் ஈரம் இருக்கலாம், அல்லது இரண்டும் எங்கோ உரசிக்கொண்டிருக்கலாம்.

தண்ணீரைத் தடுக்கச் செய்யும் வேலையே சில வீடுகளில் தண்ணீரைத் தேக்கிவைக்கிறது. எல்என்பிமேல் கட்டும் பாலித்தீன் பை உள்ளே வியர்த்து ஈரத்தை வெளியேற விடாது. சாதாரண இன்சுலேஷன் டேப் ஒரு கோடையிலேயே பசை இளகிப் பிரியும். காடி நெடி வீசும் சிலிக்கோன் பசையிலிருந்து வெளிப்படும் அமிலம் செம்பை அரிக்கும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துப் பிடித்து, கீழிருந்து மேலாக, ஓடு வேய்வதுபோல ஒன்றன்மேல் ஒன்று படியும்படி சுற்றுவதுதான் நிலைக்கும். கேபிள் சுவருக்குள் நுழையும் முன் சற்றுக் கீழே தொங்கி மேலேறும்படி ஒரு வளைவு விட வேண்டும். அது இல்லையென்றால் மழைநீர் கேபிளைப் பற்றிக்கொண்டே வீட்டுக்குள் வந்து செட்டாப் பாக்ஸின் பின்புறம் சேரும்.

எர்த் விஷயத்தில் கவனக்குறைவு இன்னும் ஆபத்தானது. செட்டாப் பாக்ஸ் பெரும்பாலும் இரண்டு பின் அடாப்டரில் ஓடுவதால் அதன் வழியாக டிஷ்ஷுக்கு எர்த் கிடைப்பதில்லை. டிஷ்ஷுக்கென்று தோட்டத்தில் தனியாக ஒரு கம்பியை அடித்து, அதை வீட்டு எர்த்தோடு இணைக்காமல் விடுவது தவறு: அருகில் மின்னல் விழும்போது இரண்டு எர்த்துகளுக்கும் இடையே பெரும் மின்னழுத்த வேறுபாடு உண்டாகி, அந்த மின்சாரம் கேபிளின் பின்னல் வழியாகவே டிவிக்குப் பாயக்கூடும். நியூட்ரலில் இணைப்பது அதைவிட மோசம். நியூட்ரல் எங்காவது அறுந்தால் டிஷ் முழுவதும் 230 வோல்ட் ஏறலாம். மொட்டை மாடியில் டிஷ் நிற்கும் கம்பத்திலேயே துணி காயப்போடும் இரும்புக் கம்பியும் கட்டியிருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். கேஸ் குழாயும் எர்த்துக்கு ஆகாது. தண்ணீர்க் குழாய்கள் இப்போது பெரும்பாலும் பிவிசி என்பதால் அவற்றில் கட்டியும் பயனில்லை. கம்பத்தையும், கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு கிரவுண்டிங் பிளாக் (கேபிளின் பின்னலை எர்த் கம்பியோடு சேர்க்கும் சிறு உலோக இணைப்பு) வைத்துப் பின்னலையும், கட்டடத்தின் பிரதான எர்த்தோடு குறுகிய நேர்வழியில் இணைக்க வேண்டும். ஆன்டெனா பாதுகாப்புக்கான ஐஇசி 60728-11 என்ற சர்வதேசத் தரநிலை கம்பத்திலிருந்து இறங்கும் எர்த் கம்பிக்குக் குறைந்தது 16 சதுர மில்லிமீட்டர் செம்பு கேட்கிறது. கையில் கிடைத்த மெல்லிய ஒயர் அதற்கு ஈடாகாது. இந்த வேலையைத் தகுதி பெற்ற எலக்ட்ரீஷியனிடம்தான் கொடுக்க வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் நேரடியாக விழும் மின்னலிலிருந்து பெட்டியைக் காக்கும் என்ற உறுதி இல்லை. சுவிட்சை மட்டும் அணைப்பதோ, பிளக்கை மட்டும் பிடுங்குவதோ போதாது. டிஷ் கேபிளையும் பாக்ஸிலிருந்து கழற்றினால்தான் அந்த வழி அடைபடும். அதையும் இடி தொடங்கும் முன்பே செய்துவிட வேண்டும். மின்னல் வெட்டிக்கொண்டிருக்கும்போது கேபிளில் கை வைக்கவோ மொட்டை மாடிக்கு ஏறவோ கூடாது.