இத்தாலி மடத்துக்கு வரும் நம்ம கரைப் பிள்ளைகளுக்கு

பாம்பன், தங்கச்சிமடம், ஓரியூர்ப் பக்கமிருந்து புதிதாக இங்கே வரும் தங்கச்சிகளுக்காக இதை எழுதுகிறேன். மணியடித்தால் எழுவது, செபம், பூசை, சாப்பாட்டு மேசையில் மௌனம் எல்லாம் நோவிசியேட் என்கிற துறவுப் பயிற்சியிலேயே பழகியிருப்பீர்கள். அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆளைக் கவிழ்ப்பது காகிதம்தான்.

வந்து 8 வேலை நாளுக்குள் பெர்மெஸ்ஸோ என்கிற தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான உறை தபால் நிலையத்திலேயே கிடைக்கும். நிரப்பி, 16 யூரோ முத்திரை வில்லை, பாஸ்போர்ட் நகல் எல்லாம் வைத்து, உறையை ஒட்டாமல் கொடுங்கள். சபையில் வைத்த பெயரை எழுதிவிடாதீர்கள், பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே எழுதுங்கள். அப்புறம் ஒரு நாள் போலீஸ் அலுவலகத்தில் கைரேகை. அவ்வளவுதான்.

அட்டை கையில் வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை தபால் நிலையம் தந்த ரசீதுதான் நமக்கு எல்லாம். நான் மாட்டிக்கொண்டது அந்த ரசீதில்தான்.

அப்பா தவறியபோது என் விசா முடிந்திருந்தது, அட்டை வரவில்லை. மதர் அவசரமாக வளைகுடா வழியாக டிக்கெட் எடுத்துத் தந்தார்கள். போய்ச் சேர்ந்துவிட்டேன். திரும்பும் டிக்கெட்டை அண்ணன் மகன் போட்டான். ஜெர்மனியில் இறங்கி மாறினால் மலிவாம். சென்னை விமான நிலையத்தில் கவுண்டரில் இருந்த பெண் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை வைத்து ஜெர்மனியில் இறங்க முடியாது சிஸ்டர்" என்றாள். அவள் சொன்னது சரிதான். அந்த ரசீது இத்தாலிக்குள் திரும்பி நுழைய மட்டும்தான். வழியில் வேறு எந்த ஷெங்கன் நாட்டிலும், அதாவது ஒரே விசாவில் போய்வருகிற ஐரோப்பிய நாடுகளில் எதிலும், கால் வைக்கக்கூடாது, விமானம் மாறுவதற்குக்கூட. ஒன்று நேராக ரோமுக்கு வர வேண்டும், இல்லை துபாய், தோஹா மாதிரி ஷெங்கனுக்கு வெளியே உள்ள ஊர் வழியாக வர வேண்டும். இதை எனக்கு முன்னாலேயே ஒருத்தராவது சொல்லியிருக்கலாம். மடத்தில் பத்து வருஷமாக இருப்பவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது!

டிக்கெட் பணம் திரும்பி வரவில்லை. அது மீன்பிடித் தடைக்காலம் வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது என்பது உங்களுக்கே தெரியும். வருமானமில்லாத அந்த நேரத்தில், வலை வாங்க வைத்திருந்த பணத்தை எடுத்து அண்ணன் எனக்கு வேறு டிக்கெட் போட்டது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் சோறு இறங்காது.

சோறு என்றதும் ஞாபகம் வருகிறது. இங்கே அரிசியை நடுவில் கடிபடுகிற மாதிரி வேகவைத்துவிட்டு அதுதான் பக்குவம் என்பார்கள். முகம் சுளிக்காதீர்கள். போர்த்துகலில் பிறந்த அருளானந்தர் நம்ம மறவர் சீமைக்கு வந்து, காவி கட்டி, கறி மீனை விட்டு வாழ்ந்தார், 1693-ல் ஓரியூரில் தலையையும் கொடுத்தார். நமக்கு வெறும் பாஸ்தாதானே. ஆனாலும் அவர் திருநாளான பிப்ரவரி 4 வந்தால் எனக்கு அந்த ஓரியூர்ச் செம்மணல்தான் கண்ணில் நிற்கும்.

பெட்டியில் பால்கோவா வைக்காதீர்கள், பால் பொருளும் இறைச்சியும் உள்ளே விடமாட்டார்கள். கருவாட்டுக்குத் தடையில்லை. நாலு உறை போட்டுச் சுற்றுங்கள். நான் நெத்திலிக் கருவாடு வறுத்த அன்று மாடி வரைக்கும் ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். எண்பது வயதான இத்தாலியச் சிஸ்டர் ஒருவர் மட்டும் அடுப்படிக்கு வந்து, இது எங்கள் பக்கலா மாதிரி உப்புமீன்தானே என்று கேட்டு இரண்டு எடுத்துச் சாப்பிட்டார். இப்போது மாதம் ஒருமுறை அவரே கேட்கிறார். வருகிறவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே கொண்டு வாருங்கள்.