தண்ணி டம்ளர்ல தேனை டெஸ்ட் பண்ணாதீங்க

போன வாரம் அத்தை வீட்ல ஒரு கூத்து. மார்த்தாண்டத்துல வாங்கின தேன் பாட்டில்ல அடியில பாதிக்கு வெள்ளையா உறைஞ்சு கிடக்கு, "ஏமாத்திட்டான்டா, வெறும் சீனிப்பாகு"ன்னு அத்தை அதை சிங்க்ல கொட்டவே போயிட்டாங்க, நான்தான் ஓடிப்போய் பாட்டிலைப் புடுங்கினேன்.

எல்லாரும் பண்ற முதல் தப்பு இதுதான். அது ரப்பர் தேன். குமரிப் பக்கம் ரப்பர் மரம் இலை உதிர்த்து புதுசா தளிர் விடுற சீசன்ல, பூவுல இருந்து இல்லைங்க, இலைக்காம்பு நுனியில சுரக்கிற இனிப்பு நீரைத்தான் தேனீ உறிஞ்சுது. குளுக்கோஸ் ஜாஸ்தி இருக்கற தேன் சீக்கிரம் உறையும், அவ்ளோதான் விஷயம். கலப்படத்துக்கும் உறையறதுக்கும் சம்பந்தமே இல்லை, சொல்லப்போனா சிரப் கலந்த சில பாட்டில்தான் வருஷக்கணக்கா உறையாம பளபளன்னு நிக்கும். வெதுவெதுப்பான தண்ணியில பாட்டிலை கொஞ்ச நேரம் வச்சா இளகிடும், ஆனா அடுப்புல ஏத்திக் கொதிக்க விட்டுடாதீங்க, தேன் சூடானா எச்.எம்.எஃப்னு ஒரு பொருள் கூடும், சூடு பண்ணின தேனா பழைய தேனான்னு லேப்ல பாக்கறதே அதை வச்சுத்தான் (நம்ம நாட்டு வரம்பு கிலோவுக்கு 80 மில்லிகிராம்).

அப்புறம் அந்த டம்ளர் டெஸ்ட், தண்ணியில ஒரு சொட்டு விட்டா கரையாம நேரா அடிக்குப் போனா சுத்தமான தேன்னு சொல்வாங்களே, அது. அத்தை நம்பவே மாட்டேன்னாங்க, சரின்னு சீனியைக் கெட்டிப் பாகா காய்ச்சி ஆறவச்சு தண்ணியில ஒரு சொட்டு விட்டுக் காட்டினேன், நூல் புடிச்ச மாதிரி நேரா இறங்கி அடியில உக்காந்துச்சு. "சுத்தமான தேன்!" அந்த டெஸ்ட் பாக்கறது கெட்டியா தண்ணியாங்கறதை மட்டும்தான். நல்ல மலைத்தேன் பல நேரம் தண்ணியாத்தான் இருக்கும், அது இந்த டெஸ்ட்ல ஃபெயில், பாகு பாஸ்! தேன்ல முக்கின தீக்குச்சி எரியுதா, நியூஸ்பேப்பர்ல விட்ட சொட்டு ஊறுதான்னு பாக்கறது எல்லாமே இதே கதைதான், ஈரம் எவ்ளோன்னு காட்டுமே தவிர எங்கிருந்து வந்த இனிப்புன்னு காட்டாது. எறும்பு மொய்க்காது, நாய் நக்காதுங்கறதெல்லாம் சும்மா. தட்டுல தேனை ஊத்தி மேல தண்ணி விட்டு ஆட்டினா அறுகோணம் வருது, தேனுக்கு கூட்டோட ஞாபகம் இருக்குன்னு ஒரு வீடியோ சுத்துதே, எந்தக் கெட்டிப் பாகை ஊத்தினாலும் அந்த மாதிரி டிசைன் வரும்.

ரோட்டோரம் அடையோட பிழிஞ்சு தர்றான், அப்போ ஒரிஜினல்தானேன்னு கேப்பீங்க. பழைய அடையை பாகுல முக்கி வைக்க எவ்ளோ நேரம் ஆகும்?

லேப் ரிப்போர்ட் வச்சிருக்கோம்னு சொன்னாலும் என்ன டெஸ்ட்னு கேளுங்க. கரும்பும் மக்காச்சோளமும் காத்துல இருந்து கார்பன் எடுக்கற முறை வேற, தேனீ போற பூச்செடி பெரும்பாலும் எடுக்கற முறை வேற, அதனால அந்த சர்க்கரையைக் கலந்தா, கார்பன் எந்த வகைன்னு பாக்கற ஐசோடோப் டெஸ்ட்ல மாட்டிக்கும். ஆனா நெல்லும் பீட்ரூட்டும் பூச்செடி கட்சி, அரிசி சிரப் கலந்தா அந்த டெஸ்ட் கண்ணை மூடிக்கும். 2020 டிசம்பர்ல டெல்லியில இருக்கற சி.எஸ்.இங்கற சுற்றுச்சூழல் ஆய்வு அமைப்பு 13 பிராண்ட் தேனை ஜெர்மனி லேப்ல என்.எம்.ஆர் டெஸ்ட் (காந்தத்தை வச்சு தேன்ல இருக்கற பொருள்களோட கைரேகை மாதிரி எடுக்கறது) பண்ண வச்சப்ப 10 ஃபெயில்னு சொன்னாங்க. அதுல பெரிய பிராண்ட் பெரும்பாலும் இங்க இருக்கற வழக்கமான டெஸ்ட்ல பாஸ் ஆனதுதான். கம்பெனிக்காரங்க மறுத்தாங்க, அது தனிக்கதை.

எந்த ஊர் தேன்ங்கறது இன்னும் சிக்கல். லேபிள்ல மலைப்படம் போட்டிருந்தா மலைத்தேன் ஆயிடாது. மகரந்தத்தை மைக்ராஸ்கோப்ல வச்சு எண்ணித்தான் கண்டுபிடிக்கறாங்க, யூகலிப்டஸ் மகரந்தம் முக்கோணமா இருக்கும், சூரியகாந்தி முள்ளு முள்ளா உருண்டையா இருக்கும். நீலகிரி தேன்னு எழுதின பாட்டில்ல கடுகுப்பூ மகரந்தமா கொட்டிக் கிடந்தா அது வடக்க இருந்து வந்திருக்கும்னு சந்தேகப்படலாம். ரொம்ப ஃபைனா ஃபில்டர் பண்ணிட்டா மகரந்தமே இருக்காது, அப்புறம் ஊரை எப்படிச் சொல்றது? ரப்பர் தேன்ல வேற தலைவலி, இனிப்பு பூவுல இருந்து வராததால ரப்பர் மகரந்தம் ரொம்பக் கம்மியாத்தான் இருக்கும், அதை மட்டும் பாத்து போலின்னு சொல்லிடக்கூடாது. என்.எம்.ஆர்லயும் ஊர் கண்டுபிடிக்கலாம், ஆனா அந்த ஊர்த் தேன் முன்னாடியே டேட்டாபேஸ்ல இருந்தாத்தான்.

பாட்டில்ல இருக்கற எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம்) 14 இலக்க நம்பரைப் பாத்துட்டு சுத்தமான தேன்னு நினைச்சுக்காதீங்க, அது லைசன்ஸ் நம்பர், வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி. இன்னொண்ணு, சுத்தமான தேனாச்சேன்னு பச்சைக் குழந்தை நாக்குல வைக்காதீங்க, ஒரு வயசு வரைக்கும் எந்தத் தேனும் வேண்டாம், போட்யூலிசம்னு ஆபத்தான வியாதி வர வாய்ப்பிருக்கு.

நான் வாங்கறப்ப விக்கறவர்கிட்ட ரெண்டே கேள்விதான் கேப்பேன், எந்த மாசம் எடுத்தீங்க, அப்ப அங்க என்ன பூத்துச்சு. பெட்டி வச்சிருக்கவர் யோசிக்காம சொல்லிடுவார். வாங்கி விக்கறவர் "எல்லாப் பூவும்தான் சார்"ம்பார்.