கிராங்க் மோட்டார் சைக்கிள்: முதல் சில வாரங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடை வாசலில் நூறு மீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு எலக்ட்ரிக் சைக்கிளைப் பற்றி முடிவுக்கு வராதீர்கள். மோட்டார் கிராங்கில், அதாவது பெடல்கள் சுற்றும் அச்சில் இருக்கும் சைக்கிள் என்றால் கூடவே கூடாது. சமதளத்தில் அதன் அருமை தெரியாது. பின்சக்கரத்தில் மோட்டார் வைத்த, பாதி விலைச் சைக்கிள்தான் அந்த நூறு மீட்டரில் சுறுசுறுப்பாகத் தோன்றும். திராட்டிலைத் திருகினால் கால் அசையாமலே கிளம்பிவிடும். கிராங்க் மோட்டார் பெரும்பாலும் அப்படியில்லை. நீங்கள் மிதித்தால்தான் அது வேலை செய்யும், மிதிக்கிற அழுத்தத்துக்கு ஏற்பத்தான் செய்யும். "இதுக்கா இவ்வளவு விலை?" என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சோதித்துப் பார்த்த இடம்தான் தப்பு.

பெங்களூரில் சரியான இடத்துக்குப் பஞ்சமில்லை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில், மேடும் பள்ளமும் மாறி மாறி வருகிற ஊர் இது. அல்சூர் ஏரிக்கரையிலிருந்து டிரினிட்டி பக்கம் ஏறிப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். கடைக்காரர் சம்மதித்தால் ஒரு மேம்பாலத்திலும் ஏற்றிப் பாருங்கள். ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி, அங்கிருந்தே கிளம்பியும் பாருங்கள். வாங்கலாமா வேண்டாமா என்பதை அந்த ஒரு சோதனையே சொல்லிவிடும்.

விலை ஏன் கூடுதல், ஓட்டும் விதம் ஏன் வேறு என்பதெல்லாம் மோட்டார் இருக்கும் இடத்தை வைத்துத்தான். சக்கரத்தின் மையத்தில் இருக்கும் ஹப் மோட்டார் சக்கரத்தை நேரடியாகச் சுற்றுகிறது. அதற்கும் உங்கள் கியருக்கும் சம்பந்தமில்லை. கிராங்க் மோட்டார் பெடல் அச்சில் உட்கார்ந்து, உங்கள் கால் இழுக்கும் அதே செயினைத்தான் இழுக்கிறது. அதனால் நீங்கள் போடும் கியர்தான் மோட்டாருக்கும் கியர். 1993-ல் யமஹா ஜப்பானில் 'பாஸ்' சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்த காலத்திலிருந்து அடிப்படை இதுதான்: மனிதன் மிதிப்பதை அளந்து, அதற்குத் தக்கபடி உதவுவது.

இதைக் கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். உங்கள் மோட்டாரின் முறுக்குவிசை (டார்க், அதாவது சுழற்றும் பலம்) 50 நியூட்டன் மீட்டர், முன் பல்சக்கரத்தில் 38 பல் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் 34 பல் உள்ள பெரிய சக்கரத்தில் செயின் இருந்தால் பின்டயருக்குச் சுமார் 45 நியூட்டன் மீட்டர் போய்ச் சேரும். 11 பல் உள்ள சின்னச் சக்கரத்தில் இருந்தால் 14 அல்லது 15தான். மோட்டார் அதே மோட்டார், பேட்டரி அதே பேட்டரி, டயருக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு. ஹப் மோட்டாரின் எண்ணையும் கிராங்க் மோட்டாரின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது ஏன் தவறு என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. ஹப்பில் சொல்லும் எண் சக்கரத்தில் கிடைப்பது. கிராங்கில் சொல்லும் எண் கியருக்கு முன்னால் இருப்பது.

ஆகவே இந்தச் சைக்கிளில் செய்யக்கூடிய பெரிய தவறு, கியரை மறந்துவிடுவது. மோட்டார் இருக்கிறதே, எதற்குக் கியர் மாற்ற வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான். சமதளத்தில் 8-வது கியரில் போட்டுவிட்டு, உதவியை முழு அளவுக்கு ஏற்றிவிட்டு, அப்படியே ஊரைச் சுற்றலாம். சைக்கிளும் போகும். ஆனால் ஏற்றத்தில் கால் மெதுவாகச் சுற்றும்போது மோட்டாரும் மெதுவாகத்தான் சுற்றும். குறைந்த வேகத்தில் திணறும் மோட்டார் நிறைய மின்சாரம் இழுத்து, அதில் கணிசமான பகுதியைச் சூடாக வீணாக்குகிறது. சூடு எல்லை தாண்டினால் தன்னைக் காத்துக்கொள்ள அதுவே உதவியைக் குறைத்துவிடும். ஏற்றத்தில் பாதியில் 'மோட்டார் சக்தி இழந்துவிட்டது' என்று சொல்லப்படும் புகார்களில் பல இந்த வகைதான்.

பெடல் நிமிடத்துக்கு 60 முதல் 80 முறை சுற்றினால் பெரும்பாலான கிராங்க் மோட்டார்கள் சந்தோஷமாக வேலை செய்யும். திரையில் இந்த எண் வராவிட்டாலும் பரவாயில்லை. வலது முழங்கால் 15 வினாடியில் எத்தனை தடவை மேலே வருகிறது என்று எண்ணுங்கள். 15-க்குக் கீழே போனால் கியரை இறக்குங்கள் (பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கு), 20-க்கு மேலே போனால் ஏற்றுங்கள். இரண்டு வாரத்தில் எண்ணாமலே காலுக்குத் தெரிந்துவிடும்.

இதில் பெங்களூர் சிக்னல்களுக்கென்று ஒரு தனிப் பிரச்சினை இருக்கிறது. செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் சாதாரண டெரெய்லர் கியரில் செயின் ஓடிக்கொண்டிருந்தால்தான் கியர் மாறும். வேகமாக வந்து, உயர்ந்த கியரிலேயே பிரேக் பிடித்து நின்றுவிட்டால் அப்புறம் இறக்க வழியில்லை. பச்சை விழுந்ததும் அதே கியரில் முழுப் பலத்தையும் கொடுத்து மிதிப்பீர்கள், மோட்டாரும் தன் பங்குக்கு முழுசாக இழுக்கும். அந்த இழுவை மொத்தமும் 11 பல் சக்கரத்தின் ஒன்றிரண்டு பல்லிலும், ஒல்லியான செயினிலும் விழும். பின்னால் பிஎம்டிசி பஸ் ஹார்ன் அடிக்கும்போது யாருக்கும் நிதானம் வராது என்பது உண்மைதான். அதனால்தான் நிற்பதற்கு முன்பே இறக்கும் பழக்கம் வேண்டும். அல்சூரில் எங்கள் பக்கத்து சைக்கிள் மெக்கானிக் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வது இதைத்தான்: "செவப்பு தெரிஞ்சா பிரேக்குக்கு முன்னாடி கியர இறக்குங்க சார். நின்னதுக்கப்புறம் பட்டன அமுக்கி என்ன பிரயோஜனம்?"

கியர் மாற்றும் அந்த நொடியையும் கவனிக்க வேண்டும். அழுத்தி மிதித்தபடியே மாற்றினால் 'கடக்' என்று ஒரு சத்தம் வரும், காலுக்கு அடியில் உதை மாதிரி ஒன்று தெரியும். சில மாடல்களில் கியர் மாறுவதை உணர்ந்து மோட்டாரே ஒரு கணம் இழுப்பைத் தளர்த்தும். பலவற்றில் அந்த வசதி கிடையாது. செய்ய வேண்டியது சின்ன வேலைதான்: பட்டனைத் தட்டும்போது அரைச் சுற்றுக்கு அழுத்தத்தைக் குறையுங்கள், ஆனால் காலை நிறுத்தாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு கியர் போதும். மூன்று கியரை ஒரேயடியாகத் தள்ளினால் செயின் நடுவில் தவிக்கும்.

செயின் சீக்கிரம் தேய்வதை நினைத்துச் சிலர் கவலைப்படுகிறார்கள். தேயத்தான் செய்யும். சாதாரண மனிதர் நீண்ட நேரம் மிதித்தால் 100 வாட் சுற்றி வரும். அதோடு மோட்டாரின் 250 வாட்டும் அதே செயின் வழியாகத்தான் போகிறது. தவிர்க்க வேண்டியது தேய்ந்த செயினைக் கண்டுகொள்ளாமல் ஓட்டுவதைத்தான். செயின் தேய்மானம் பார்க்கும் அளவுகோல் ஒன்று வாங்கி வையுங்கள், விலை அதிகமில்லை. செயின் 0.75 சதவீதம் நீண்டிருப்பதாகக் காட்டினால் (11, 12 கியர் உள்ள மெல்லிய செயினுக்கு 0.5) உடனே செயினை மாற்றிவிட வேண்டும். தாமதித்தால் நீண்டுபோன செயின் பின் பல்சக்கரங்களையும் சேர்த்துத் தின்றுவிடும், செலவு பல மடங்காகும். வைட்ஃபீல்டு, சர்ஜாபூர் ரோடு பக்கம் கட்டடத் தூசியில் தினமும் போகிறவர்கள் வாரம் ஒருமுறை செயினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, மேலே வழிந்ததையும் துடைத்துவிடுங்கள். வழிந்த எண்ணெயில்தான் தூசி ஒட்டும்.

சென்சார் சமாச்சாரத்துக்கு வருவோம். நல்ல கிராங்க் மோட்டார்களில் நீங்கள் பெடலில் கொடுக்கும் விசையை அளக்கும் டார்க் சென்சார் இருக்கும். பெடல் சுற்றுகிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும் மலிவான சென்சாரைவிட இது பல படி மேல். ஆனால் ஸ்விட்ச் போடும்போது பெடலில் கால் இருக்கக்கூடாது. பல மாடல்கள் அந்தக் கணத்தில்தான் 'இதுதான் சுழியம்' என்று குறித்துக்கொள்கின்றன. காலின் பாரமும் அதில் சேர்ந்துவிட்டால் உதவி கோணல்மாணலாக வரும், அல்லது திரையில் எச்சரிக்கை விழும். அணைத்து, காலை எடுத்துவிட்டு மறுபடி போட்டால் சரியாகிவிடும். சிக்னலில் நிற்கும்போது ஒரு காலைப் பெடலில் ஊன்றிச் சாய்ந்து நிற்கும் பழக்கமும் ஆபத்து. அந்த அழுத்தத்தையே மிதி என்று எடுத்துக்கொண்டு சைக்கிள் முன்னால் துள்ளும். முன்னால் ஆட்டோ நிற்கும். பிரேக்கிலிருந்து விரலை எடுக்காதீர்கள், பழகும்வரை குறைந்த உதவியிலேயே கிளம்புங்கள்.

பின்சக்கரக் கம்பியில் சின்னதாக ஒரு காந்தமும், அதற்கு எதிரே சட்டத்தில் ஒரு சென்சாரும் பல சைக்கிள்களில் இருக்கும். வேகத்தைக் கணக்கிடுவது அதுதான். கூட்டமான பார்க்கிங்கில் இன்னொரு வண்டி இடித்தால் காந்தம் கம்பியில் சறுக்கி விலகிவிடும். உடனே திரையில் பிழைக் குறியீடு, மோட்டார் மௌனம். மோட்டாரே போய்விட்டது என்று பதறி, வண்டியைச் சின்ன லாரியில் ஏற்றி சர்வீஸுக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. முதலில் குனிந்து அந்தக் காந்தத்தைப் பாருங்கள். சென்சாருக்கு நேர் எதிரே, உங்கள் மாடலின் கையேடு சொல்லும் சில மில்லிமீட்டர் இடைவெளியில் நிறுத்தி, திருகை இறுக்கினால் பல நேரம் வேலை முடிந்தது.

25 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று அடித்தாற்போல் சைக்கிள் கனப்பதும் பழுது இல்லை. அந்த வேகத்தில் உதவி நின்றாக வேண்டும் என்பது நம் நாட்டு மோட்டார் வாகன விதி. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள் இருந்து, வேகம் 25-ஐ எட்டும்போதோ மிதிப்பதை நிறுத்தும்போதோ உதவி நின்றுவிட்டால் இந்த வகை வண்டி சட்டப்படி சைக்கிள்தான். பதிவு எண்ணும் லைசென்ஸும் தேவையில்லை. வேகக் கட்டுப்பாட்டை உடைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உடைத்த அந்த நிமிடமே அது பதிவில்லாத, காப்பீடில்லாத மோட்டார் வாகனம் ஆகிவிடுகிறது. விபத்து நடந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். உத்தரவாதமும் போய்விடும்.

எல்லாமே 250 வாட் என்றால் எதைப் பார்த்து வாங்குவது? முறுக்குவிசையைப் பாருங்கள். போஷின் ஆக்டிவ் லைன் மோட்டார் 40 நியூட்டன் மீட்டர், ஷிமானோவின் இபி8 மோட்டார் 85. இரண்டும் 250 வாட் என்றே விற்கப்படுகின்றன. நகருக்குள் வேலைக்குப் போய்வர 40, 50 தாராளம். 85 மலைப்பாதைக்காக. தேவையில்லாத இடத்தில் அது செயினையும் பேட்டரியையும்தான் தின்னும்.

விளம்பரத்தில் போட்டிருக்கும் தூரத்தை நம்பிக் கிளம்புவது இன்னொரு தவறு. பேட்டரியின் வோல்ட்டையும் ஆம்பியர் மணியையும் பெருக்குங்கள். 36 வோல்ட், 14 ஆம்பியர் மணி என்றால் 504 வாட் மணி. நிதானமான உதவியில் கிலோமீட்டருக்கு 10 வாட் மணி போனால் 50 கிலோமீட்டர். முழு உதவியில் 18 போனால் 28தான். ஏற்றத்துக்குத் தனிக் கணக்கு. நந்தி மலை உச்சி 1,478 மீட்டர், நம் ஊரைவிடச் சுமார் 550 மீட்டர் உயரம். ஆளும் சைக்கிளும் சேர்த்து 100 கிலோ என்றால் அந்த எடையை மேலே தூக்கவே 150 வாட் மணி வேண்டும். காற்று, உராய்வு, சூடாக வீணாவது எல்லாம் அதற்கு மேல். அதில் கொஞ்சத்தை உங்கள் கால் தரும், மீதி பேட்டரியிலிருந்துதான். விடியற்காலையில் நந்தி போகத் திட்டமிட்டால் சமவெளியில் உதவியைக் குறைத்து, ஏற்றத்துக்கு மிச்சம் வையுங்கள்.

மழைக்காலத்தில் கிராங்க் மோட்டாருக்கு ஒரு பலவீனம் உண்டு, இதைப் பலர் யோசிப்பதில்லை. ஹப் மோட்டாரின் மையம் தரையிலிருந்து சுமார் 35 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். பெடல் அச்சு 30-ஐ ஒட்டித்தான் இருக்கும், மோட்டாரின் அடிவயிறு அதற்கும் கீழே தொங்கும். சாரல், மழை, ஈரச்சாலை இதையெல்லாம் அது தாங்கும், மூழ்கினால் தாங்காது. சுரங்கப்பாதையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் சுற்றுவழியில் போங்கள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டும் இறங்காதீர்கள். வாட்டர் சர்வீஸில் கொடுத்து அழுத்தத் தண்ணீர் பீய்ச்சச் சொல்லவே கூடாது. ஈரத்துணியும் பிரஷும் போதும். நம் தெருக்களில் மனம்போனபடி போட்டிருக்கும் உயரமான ஸ்பீட் பிரேக்கரிலும், நடைபாதை விளிம்பிலும் மோட்டாரின் அடி இடிக்கும். அங்கே மெதுவாக ஏறி இறங்குங்கள்.

பேட்டரியைக் கழற்ற முடிகிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்கு 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள சைக்கிளைத் தூக்கிப் போக முடியாது. மத்தியான வெயிலில் ஓட்டிவந்த சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள், கொஞ்ச நேரம் ஆறட்டும். கூட வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். மாடிப்படியிலோ வாசல் கதவை ஒட்டியோ வைத்து ராத்திரி முழுக்க சார்ஜ் செய்யாதீர்கள். ஏதாவது நடந்தால் வெளியே போகும் வழி அதுதான்.

பணம் கட்டுவதற்கு முன் கடையில் கேட்க வேண்டிய கேள்வி: மோட்டாரைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஆள் பெங்களூரிலேயே இருக்கிறாரா, அல்லது வேறு ஊருக்கு அனுப்ப வேண்டுமா? செயின், பிரேக், டயர் எல்லாம் தெருமுனைக் கடையில் பார்த்துக்கொள்ளலாம். மோட்டார், அதன் மென்பொருள், சென்சார் இவற்றுக்கு அந்தந்தக் கம்பெனியின் கருவி வேண்டும். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ ஊருக்குக் கிளம்பும்போது பேட்டரியை முழுதாக நிரப்பி வைத்துவிட்டுப் போவது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். லித்தியம் பேட்டரிக்கு அது ஆகாது. பாதி அளவில், 40 முதல் 60 சதவீதத்துக்குள் வைத்து, சைக்கிளிலிருந்து கழற்றி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். திரும்பி வந்ததும் சார்ஜ் போட்டு ஓட்டலாம்.